மூன்றாம் தட்டு மருமகள்கள்

அந்தப் பல்கலைக்கழகத் துறையில் காலை பத்து மணிக்கு ராத்திரி வந்துவிடும். துறை முழுவதற்கும் இல்லை, மாடிப்படியை ஒட்டிய எலி அறைக்கு மட்டும். எலி இருட்டில் விழித்திருக்கிற ஜீவன். மனுஷனுக்கோ பகலில்தான் சம்பளம். இரண்டு பேருக்கும் ஒத்துவரட்டும் என்று அந்த அறைக்குள் நாளைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருந்தார்கள். இரவு பத்துக்கு விளக்கு தானாக எரியும், காலை பத்துக்குத் தானாக அணையும். அணைந்த பிறகு யார் உள்ளே போனாலும் சின்னச் சிவப்பு விளக்கோடுதான் போக வேண்டும். எலியின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சமும் கும்மிருட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் தலைகீழ் ராஜ்ஜியத்துக்கு ராணி எலியக்கா. கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். இவளுக்கு நாற்பது. கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு மாற்றல் என்று பத்து வருஷத்தை எங்கெங்கோ கொடுத்துவிட்டு மறுபடி ஆராய்ச்சிக்கு வந்தவள். அதனால் எல்லோருக்கும் அக்கா, எலியோடு கிடப்பதால் எலியக்கா. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் அவள் மகள் பள்ளிக்கூடத்தில் போய், "எங்கம்மா எலிக்கு டாக்டர்" என்று சொல்லிவைத்திருந்தாள். அதற்கு இது தேவலை.

ஆராய்ச்சி என்னவென்று வீட்டில் கேட்ட ஒரே ஆள் அவளுடைய அத்தை, அதாவது மாமியார். சாப்பாட்டுத் தட்டு கழுவும்போது கேட்டார்.

"பிறந்த எலிக்குட்டி மூளையில ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கு அத்தை. முட்டை எப்ப வெளிய வரணும்னு அதுதான் உத்தரவு போடும். பெண் எலிக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை, மணி அடிச்ச மாதிரி. ஆண்குட்டிக்கு அது பிறந்த சமயத்துலயே சுருங்கிடும், அதோட உடம்புல ஊறுற ஹார்மோனால."

"சரி, அதுக்கு எதுக்கு அந்த உத்தரவு?"

"அதான். இப்ப அந்த ஹார்மோனை ஒரு சொட்டு, பிறந்த முதல் வாரத்துல பெண்குட்டிக்குப் போட்டோம்னா, அதுக்கும் சுருங்கிடும். அப்புறம் ஆயுசுக்கும் உத்தரவு வராது. குட்டியே கிடையாது."

"அடிப்பாவி! ஒரு சொட்டுக்கா?"

"ஒரு சொட்டுக்குத்தான். அதே சொட்டை மூணு வாரம் கழிச்சுப் போட்டா ஒண்ணும் ஆகக்கூடாது. அந்தக் கதவு எப்ப சாத்திக்குதுன்னு பார்க்கிறதுதான் என் வேலை."

அத்தை தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நம்ம வாசல்ல சிமெண்ட் பூசின அன்னிக்கு அந்தக் கறுப்பு நாய் நடந்துட்டுப் போச்சே, அது மாதிரி. ஈரத்துல பதிஞ்சது இன்னும் போகலை. காஞ்சப்புறம் உன் புருஷன் ஸ்கூட்டரையே ஏத்துறான், ஒண்ணும் பதியலை."

"அதேதான் அத்தை."

"அப்போ இவன் குழந்தையா இருக்கும்போது என்ன சொட்டு விழுந்துச்சோ தெரியலையே. பால் வாங்கிட்டு வாடான்னா மண்டையில பதியவே மாட்டேங்குது."

அத்தை அப்படித்தான். கல்யாணமான புதிதில் எலியக்காவைப் பார்த்து உறவுக்காரர்கள், "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க வாயெடுத்தாலே, அத்தை குறுக்கே விழுந்து, "உண்டு, எனக்குத்தான். நாலு மாசம்" என்பார். மகள் பிறக்கும்வரை மூன்று வருஷம் அந்த நாலு மாசம் ஓடியது. அந்த ஒரு வார்த்தைக்காகவே எலியக்கா அத்தைக்கு வாழ்நாளெல்லாம் கால் பிடித்துவிடத் தயார்.

இருக்கட்டும், எலிக்கு வருவோம். கதவுக்கு நேரெதிரே ஓர் இரும்பு அலமாரி. அதன் முதல் தட்டில் ஊசியே போடாத பெண் எலிகள். இரண்டாம் தட்டில் பிறந்த முதல் வாரத்தில் ஊசி வாங்கியவை. மூன்றாம் தட்டில் மூன்று வாரம் கழித்து வாங்கியவை. கூண்டு மாறி, கை தவறி, ஒன்றுக்குப் போட வேண்டியதை இன்னொன்றுக்குப் போட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் எலியக்கா அப்படி அடுக்கிவைத்திருந்தாள். பத்து வருஷம் ஊசி பிடிக்காத கை அல்லவா? மூன்றாம் தட்டு கண்ணுக்கு நேராக, கதவின் வட்டக் கண்ணாடிக்கும் நேராக இருந்தது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கனத்த கறுப்புத் துணி தொங்கும்.

அந்த மூன்றாம் தட்டுதான் எல்லாம். அந்த எலிகளுக்கு முட்டை வெளியே வருகிற அந்த நாலைந்து நாள் சுற்று ஒழுங்காக வர வேண்டும், பிறகு ஆண் எலியோடு சேர்த்துவைத்துக் குட்டி போட வேண்டும். போட்டால் கதவு சாத்திவிட்டது என்று அர்த்தம், பட்டமும் கையில் வந்த மாதிரி. முதல் குட்டி பிறந்த அன்று துறைக்கே டீயும் கேக்கும் என்று எலியக்கா வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருந்தாள். அவ்வளவுதான்! மூன்றாம் தட்டு எலிகள் துறைக்கே மருமகள்கள் ஆகிவிட்டன. காவலாளி அண்ணன் படியேறும்போதெல்லாம், "என்னக்கா, நம்ம மருமகளுங்களுக்கு ஏதாவது விசேஷமா?" என்பார். அலுவலகக் கண்காணிப்பாளர் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் அந்தப் பக்கம் சுற்றிப் போவார்.

"இன்னும் கல்யாணமே ஆகலைண்ணே. சுற்று வந்தாத்தான் மாப்பிள்ளை."

ஆனால் சுற்றுதான் வரவில்லை.

தினம் காலை ஒன்பது மணிக்கு, விளக்கு அணைவதற்குள், ஒவ்வொரு எலியின் பிறப்புறுப்பிலிருந்தும் ஒரு துளி நீரில் செல்களைக் கழுவி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்ப்பாள். சுற்று ஓடுகிற எலியென்றால் படம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் காய்ந்த செதில் மாதிரி செல்கள், மறுநாள் கடுகைக் கொட்டினாற்போல் குட்டிக் குட்டி உருண்டைகள். முதல் தட்டில் அப்படித்தான் மாறியது. இரண்டாம் தட்டில் எப்போதும் செதில்தான், எதிர்பார்த்ததுதான். மூன்றாம் தட்டிலும் ஆரம்பத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுற்று போகப் போகத் தடுமாறி, கடைசியில் செதிலிலேயே நின்றுவிட்டது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

அன்று மேடமே வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். எலியக்காவின் வழிகாட்டி. சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். எலி அறை வாசலில் யாராவது செருப்புச் சத்தம் கேட்க நடந்தாலே வெளியே வந்து முறைப்பார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஊரடங்கு.

"இது ரெண்டாம் தட்டா?"

"மூணாம் தட்டு மேடம்."

மேடம் அடுத்த தகட்டை வைத்தார். அதற்கடுத்ததையும். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஊசி போட்டது யாரு?"

"நான்தான்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் நான்தான் மேடம்."

"அப்போ எங்கேயோ கை தப்பியிருக்கு. மூணாம் தட்டுக் குட்டிங்களுக்கும் முதல் வாரத்துலயே ஊசி விழுந்திருக்கு. ஆரம்பத்துல சுத்து ஓடிட்டு அப்புறம் நின்னுபோறதுகூட அரைகுறையா ஊசி விழுந்தா வர்றதுதான்." மேடத்தின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "பரவாயில்லை, ரொம்ப நாள் இடைவெளிக்கு அப்புறம் வந்திருக்கீங்க. இந்த மாசக் கடைசியோட அந்தக் குழுவைக் காலி பண்ணிடுங்க. ஆய்வேட்டுல அந்த அத்தியாயம் வேண்டாம்."

அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வேட்டில் மிச்சம் என்ன? எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். புதிதாகத் தொடங்கலாமென்றால் அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. காலி பண்ணுவது என்றால் என்னவென்றும் எலியக்காவுக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம்விட நெஞ்சில் தைத்தது அந்தக் கைதான். கை தப்பவில்லை என்று அவள் சத்தியம் செய்வாள். இருந்தாலும் ஒருத்தர் சொல்லிவிட்டால் போதுமே, உள்ளுக்குள் ஒரு குரல், "ஒருவேளை அன்னிக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறது. மகளுக்குக் காய்ச்சல் அடித்த அன்று ஊசி போட்டாளே, அப்போதா?

அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. கழிப்பறையில் பிள்ளைகள் இருந்தார்கள். பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு எலி அறைக்குள் போனாள். பத்து மணி தாண்டியிருந்தது. வழக்கமாக ஒன்பது மணி வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறவள், ராத்திரியான பிறகு அந்த அறைக்குள் வந்து மாதங்கள் ஆகின்றன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எலி யாரிடமும் போய்ச் சொல்லாது.

அழுது முடிந்ததும் எழுந்தாள். முதல் தட்டில் ஒரே கொண்டாட்டம். ஒன்று கம்பியில் தொங்குகிறது, ஒன்று தண்ணீர்க் குழாயோடு சண்டை போடுகிறது. இரண்டாம் தட்டிலும் அதே ரகளை. மூன்றாம் தட்டு மருமகள்கள் மட்டும் மரத்தூளுக்குள் முகத்தைப் புதைத்துச் சுருண்டு கிடந்தன. "உங்களுக்கும் துக்கமாடி?" என்று கேட்டுக்கொண்டே கூண்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

மேலங்கியின் கை பச்சையாக இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சிவப்பு விளக்குக்கு எதிரில் பச்சைத் துணி கறுப்பாகத்தான் தெரியும், அது பள்ளிக்கூடப் பாடம். கை கறுப்பானது. மறுபடி நீட்டினாள். பச்சை. சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு நீட்டினாள். அப்போதும் பச்சை, அழகான பச்சை! திரும்பிப் பார்த்தால் கதவின் வட்டக் கண்ணாடி முழு நிலா மாதிரி நிற்கிறது. நடைபாதையில் ஜன்னல் கிடையாது, அங்கே குழல்விளக்கு இருபத்து நாலு மணி நேரமும் எரியும். அந்த வெளிச்சம் நேராக வந்து மூன்றாம் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. மற்ற தட்டுகள் நிழலுக்குள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலாவில் ஒரு கண் முளைத்தது.

"ஐயோ!" என்று அலறினாள்.

"நான்தான்க்கா, காவல்காரன்! ஏதாவது விசேஷமான்னு..."

எலியக்கா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள். காவலாளி அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சத்தியமா நான் தொடலைக்கா. துணி எப்பவும் மேலதான் இருக்கும். அதனாலதான் எல்லாரும் வந்து பார்க்கிறோம்."

"எல்லாருமா?"

"கண்காணிப்பாளர் சார் வருவாரு. டீ கொண்டு வர்ற அம்மா வருவாங்க. அப்புறம்..." அண்ணன் நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தினம் அவசரமாகத் திறந்து மூடுகிற அந்தக் கதவை எலியக்கா நிமிர்ந்தே பார்த்ததில்லை. சுருட்டி உயர்த்திய கறுப்புத் துணியை ஒரு கொண்டைக் கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், ஒரு பல் உடைந்தது. அந்தக் கிளிப்பைத் துறையில் தெரியாதவர் கிடையாது. பல வருஷம் அது ஒரே ஒரு தலையில்தான் இருந்தது.

எலியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எலிக்கு இரவும் பகலும் ஓயாத வெளிச்சம் கொடுத்தால் அதன் மூளை நேரம் தெரியாமல் குழம்பும், முட்டைக்கான உத்தரவு நின்றுபோகும். ஊசி வாங்கின எலி மாதிரியே அச்சு அசலாகச் செதில் காட்டும். புத்தகத்தில் படித்ததுதான், தன் அறையில் நடக்கும் என்று யார் கண்டார்கள்? அப்படியானால் கை தப்பவில்லை. ஒருவேளை தப்பவில்லை.

கிளிப்பைக் கொண்டுபோய் மேடத்தின் மேசை மேல் வைத்தாள்.

மேடத்தின் கை தன்னையறியாமல் பின்னந்தலைக்குப் போனது. "இது என்னோடதாச்சே. ரெண்டு மாசமாத் தேடிட்டிருக்கேன். எங்க கிடைச்சுது?"

"எலி ரூம் கண்ணாடியில மேடம். துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. குழல்விளக்கு நேரா மூணாம் தட்டு மேல."

மேடத்தின் முகம் மெல்லச் சிவந்தது. ஊரடங்கு வெட்கப்பட்டு எலியக்கா பார்த்ததே இல்லை.

"ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தேன்," என்றார் கடைசியில், பள்ளிப் பிள்ளை மாதிரி. "துணி முகத்துல விழுந்துட்டே இருந்துச்சு. கிளிப்பைப் போட்டேன். அப்போ போன் வந்துச்சு..." சட்டென்று நிமிர்ந்தார். "அது சரி, ஒரே குழுவை ஒரே தட்டுல அடுக்குனது யாரு? கூண்டுகளைக் கலந்து வைக்கணும்னு முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே சொல்றோமே?"

"நான்தான் மேடம். கை தப்பிடக் கூடாதுன்னு."

"ஆக, ரெண்டு பேருமா சேர்ந்து கெடுத்திருக்கோம்!" மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அறைக்கு வெளியே பிள்ளைகள் கூடிவிட்டார்கள்; அந்தச் சத்தம் என்னவென்று அவர்களுக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் சொன்னார், "குழுவைக் காலி பண்ண வேண்டாம். கால நீட்டிப்பு நான் வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு. முழு இருட்டு கொடுத்தும் சுத்து வரலைன்னா, அது என் கிளிப் இல்லை, உங்க கைதான். சரியா?"

"சரி மேடம்."

அன்றே கூண்டுகளைக் கலைத்து, ஒவ்வொரு தட்டிலும் மூன்று குழுவும் இருக்கும்படி மாற்றி அடுக்கினாள். மருமகள்கள் நாலா பக்கமும் சிதறிப் போனாலும் மூன்றாம் தட்டு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கறுப்புத் துணியை மேடமே நின்று நாலு பக்கமும் சட்டம் வைத்து ஆணி அடிக்கச் செய்தார். எட்டிப் பார்க்க வழியில்லாமல் காவலாளி அண்ணன் படியிலேயே ஏங்கி நின்றார்.

வீட்டில் அத்தையிடம் சொன்னபோது, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆளாளுக்கு விசேஷமா விசேஷமான்னு எட்டிப் பார்த்தா அதுக எப்படிடி உண்டாகும்? எனக்கு அன்னிக்கே தெரியும்!" எலியக்காவுக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. கால் பிடித்துவிடட்டுமா என்று கேட்டாள். "போடி, கூச்சமா இருக்கு" என்றார் அத்தை.

பிறகு காத்திருப்பு. தினம் ஒன்பது மணிக்குத் தகடு. செதில். மறுநாளும் செதில். ஒரு வாரம் போயிற்று, மேடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே பாரமாக இருந்தது. பேருந்தில் போகும்போதெல்லாம் எலியக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு போனாள். இந்தக் கையா, இந்தக் கையா?

அப்புறம் ஒரு காலை, நுண்ணோக்கியில் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். கடுகு! தகடெங்கும் கடுகு. மேசைக்கடியில் கால் தானாக ஆடியது. அடுத்த தகடு, கடுகு. அதற்கடுத்தது செதில்தான், ஆனால் அதற்கும் அடுத்தது கடுகு. இரண்டாம் குழுவை எடுத்துப் பார்த்தாள். அதே இருட்டில் கிடந்தும் அவை செதிலை விட்டு நகரவில்லை. பாவம், அவற்றுக்குச் சிமெண்ட் ஈரமாக இருந்தபோதே கால் பட்டுவிட்டது.

இரண்டு சுற்று ஒழுங்காக வந்ததும் கல்யாணம். முதல் தட்டின் ஓரத்தில் தின்று கொழுத்துக் கிடந்த வெள்ளை ஆண் எலியை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். முறுக்குக்கும் குறைச்சல் இல்லை. மருமகளோடு விட்டால் முதலில் தீனிப் பக்கம்தான் போகும். அந்தச் சமயத்தில்தான் துறைத் தலைவர் நடைபாதையில் மேடத்தை நிறுத்தி, "என்ன, உங்க எலிகளுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார். எலியக்கா அத்தையின் கதையை மேடத்திடம் என்றோ சொல்லியிருந்தாள். மேடம் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"உண்டு சார். எனக்குத்தான், நாலு மாசம்."

துறைத் தலைவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மருமகளுக்கு வயிறு தெரிந்தது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தபோது, ஒருத்தி மரத்தூளையெல்லாம் மூலையில் குவித்துக்கொண்டு நிலைகொள்ளாமல் திரிந்தாள். எலியக்கா தொடாமல் வெளியே வந்தாள். பத்து அடித்து, உள்ளே ராத்திரி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்துவிட்டுச் சிவப்பு விளக்கோடு நுழைந்தாள்.

முதலில் சத்தம்தான் கேட்டது, கதவு கீல் முனகுகிற மாதிரி மெல்லிய கீச்சுக் குரல்கள். கிட்டே போனாள். தாய் குவித்த மரத்தூளுக்கு நடுவில், விரல் நுனி பருமனில், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டு. எண்ணினாள். சந்தோஷத்தில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி எண்ணினாள், மறுபடி தப்பியது. பிறந்த எலிக்குட்டி ரோஜா நிறமாக இருக்கும். இந்த விளக்கில் அது தெரியாது, எல்லாம் ஒரே வெளுப்புதான். ஒரு நொடி நல்ல வெளிச்சத்தில் பார்க்க மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது. வேண்டாம், இருக்கட்டும்.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். ஒருவர் அல்ல, பலர். ஆணி அடித்த துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், இத்தனை வருஷம் உத்தரவு மட்டுமே போட்டுப் பழகிய குரல், கெஞ்சுகிற மாதிரி கேட்டது.

"என்னம்மா... ஏதாவது விசேஷம் உண்டா?"

"விசேஷம்தான் மேடம்!" எலியக்கா கதவருகே வந்துவிட்டாள். "மூணாம் தட்டு! குட்டி போட்டிருக்கு மேடம்!"

நடைபாதையே ஓவென்று கத்தியது. காவலாளி அண்ணன் விசிலடித்தார். "ஷ்ஷ்! உள்ள ராத்திரி!" என்று மேடம் அதட்ட, அதட்டலிலேயே சிரிப்பு உடைந்தது. சத்தம் அடங்கிய பிறகு, கதவோடு வாயை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேடம் சொன்னார்.

"உங்க கை தப்பு பண்ணலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

எலியக்கா சிவப்பு விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். கண்ணீர் அவற்றின் மேலேயே சொட்டியது.

"திறக்கட்டுமா? நான் மட்டும், ஒரே ஒரு நிமிஷம் பார்த்துட்டு..."

"திறக்காதீங்க மேடம்," என்றாள் எலியக்கா உள்ளேயிருந்து, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே. "இங்க இன்னும் விடியலை. நீங்க போய் எல்லாருக்கும் கேக் சொல்லுங்க."